காரணம்: மற்றவை

எழுபத்தெட்டு புள்ளி ஆறு.
பலகையில் கிடத்தி முட்டியை அழுத்தினால்
தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறான் நித்திலன்.
இரண்டு வயசுக்கு மூன்று வாரம் பாக்கி.
கைப்பேசியில் அவன் புள்ளி
கோட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது.

காரணத்தைத் தேர்வு செய்யவும் என்கிறது.
வயிற்றுப்போக்கு.
காய்ச்சல்.
தாய்ப்பால் போதாமை.
மற்றவை.
மற்றவையைத் தொட்டால் ஒரு பெட்டி திறக்கும்,
இருபது எழுத்துக்கு மேல் வாங்காது.

இவன் மூன்று மாதமாக வயிற்றில் இருந்தபோதுதான்
இலக்கியாவின் பெயரைப் பதிந்தேன்.
ஐப்பசி. பாமணியாற்றுத் தென்கரையில் களையெடுப்பு.
சேற்றில் குனிந்திருந்தவள்
வரப்பில் ஏறி வாந்தி எடுத்தாள்.
மசக்கை என்று சிரித்தார்கள் கூட இருந்தவர்கள்.
முந்தின நாள்தான் குருத்துப்பூச்சிக்கு
மருந்தடித்திருந்தது அந்த வயலில்.
இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை.
இரும்புச்சத்து மாத்திரை எண்ணிக் கொடுத்தேன், முப்பது.
கறுப்பா போவுதுக்கா, என்றாள்.
பயப்படாதே, மருந்து அப்படித்தான்.

எங்கள் பக்கம் இரண்டுக்கும் ஒரே சொல்.
விழுங்குவதும் மருந்து, தெளிப்பதும் மருந்து.

மார்கழியில் பயிர் சூல் கட்டியது.
அவளுக்கு ஐந்தாம் மாதம்.
சூல் பயிரில் புகையான் விழும் என்று
டேங்குக்கு இவ்வளவு என முருகையனிடம் கூலி பேசினார்கள்.
சூல்காரிக்கு நான் கொடுத்த சத்துமாவு
வீட்டில் நாலு பேருக்குக் கஞ்சியானது.

அடுத்த குறுவையில் கதிர் பால் பிடித்த வாரம்
இவள் மாரிலும் பால் கட்டிக் கிடந்தது.
கதிர்நாவாய்ப்பூச்சி நெல்லின் பாலை உறிஞ்சிவிடுமாம்,
அதற்கும் ஒரு மருந்து.
மதியம் வரப்புக்குத் தூக்கிவந்த பிள்ளையை
முந்தானையால் மூடிப் பசியாற்றினாள்.
முந்தானை காற்றை வடிகட்டுமா, தெரியாது.

முருகையன் கெட்டவனில்லை.
வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளிக்கத்தான் போவான்.
ஆனால் டிவிஎஸ் சத்தம் நித்திலனுக்குத் தெரியும்.
வாசலிலேயே தாவி, ஈரச் சட்டையில் முகம் புதைத்து,
காலர் நுனியைச் சப்பிக்கொண்டே உள்ளே வருவான்.

போன வருஷம் வாய்க்காலில்
இரண்டு நாள் நண்டு மல்லாந்து மிதந்தது.
அதற்கப்புறம் நண்டு ரசம் வைத்தேன் என்று
ஒருத்தியும் சொல்லிக் கேட்கவில்லை.
கடையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் தொங்குகிறது,
கை முழுக்க ஆரஞ்சு ஒட்டும்.

இதனால்தான் அது என்று சொல்ல
நான் டாக்டர் இல்லை.
சோறு குறைந்ததா, காற்று கெட்டதா,
இத்தனூண்டு எலும்புக்குள் போய்
யார் அதைப் பிரித்துப் பார்த்தது?
மருந்து என்று தட்டி அனுப்பினேன்.
பதினாறு எழுத்துக்கு இடம் மிச்சம்.

சாயங்காலம் வட்டாரத்திலிருந்து போன்.
என்ன மருந்து? சிரப்பா, மாத்திரையா?
வயலுக்கு அடிக்கிறது மேடம்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும்.
அவங்களுக்கும் கோரையாற்றுப் பாசனத்தில்
அரை வேலி நிலம் இருக்கிறது.
இப்போதைக்குக் காய்ச்சல்னு மாத்திடுங்க, என்றார்.
வைக்கப்போனவர் நிறுத்தி,
அந்த அப்பாவை மோட்டார் கொட்டகையிலேயே
குளிச்சிட்டு வேற சட்டையில வீட்டுக்குப் போகச் சொல்லுங்க.

இன்னும் மாற்றவில்லை.
இன்று வியாழன், முட்டை நாள்.
நித்திலன் மஞ்சள் கருவை முதலில் தோண்டித் தின்கிறான்.
வெள்ளை அக்காவுக்கு என்று
உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்கிறான், நசுங்குகிறது.
பக்கத்துப் பருத்திக் கொல்லையில் டிரோன் எழும்புகிறது.
ஹெலிகாப்டர் ஹெலிகாப்டர் என்று
எல்லாம் ஜன்னலுக்கு ஓடுகின்றன, வாய் திறந்தபடி.

நான் கதவை இழுத்துச் சாத்துகிறேன்.
கொக்கி துருப்பிடித்திருக்கிறது,
மாட்ட வரவில்லை.